பாட்டு பஸ் ஏறிப் போய்விட்டது

வீட்டில் ஒரு ரூமை ஒதுக்கி 'ஸ்டுடியோ' போட்டிருக்கிறேன் என்று சொல்கிற இளைஞர்கள் இப்போது தெருவுக்கு ஒருத்தராவது இருக்கிறார்கள். ரொம்ப சந்தோஷம். அவர்களில் யாரையாவது பார்த்தால், மைக் என்ன மாடல் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மூச்சுவிடாமல் இருபது நிமிஷம் சொல்வார்கள். வேறொன்று கேளுங்கள். 'தம்பி, இந்த நிமிஷம் ஒருத்தர் கதவைத் தட்டி, பாடணும்னு வந்து நின்னா, எத்தனை நிமிஷத்துல ரெக்கார்ட் பண்ணுவே?'

முழிப்பார்கள்.

என்னைக் கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால்தான் அது ஸ்டுடியோ. இல்லாவிட்டால் எலெக்ட்ரானிக்ஸ் கடை. கடையிலாவது கல்லா இருக்கும், இங்கே அதுவும் கிடையாது.

திண்டுக்கல்லில் இருந்து நத்தம் போகிற ரோட்டில் சாணார்பட்டி இருக்கிறது. என் நண்பனின் தங்கை மகன் அங்கே மொட்டை மாடி ரூமில் ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறான். ஜல்லிக்கட்டுக் காளைக்குப் பாட்டு, கோயில் திருவிழாவுக்கு ஆட்டோ விளம்பரம், சர்ச் பாட்டு, கண்ணீர் அஞ்சலி வீடியோவுக்குப் பின்னணிக் குரல் என்று கைக்கும் வாய்க்கும் ஓடுகிறது. நல்ல காது உள்ள பையன். நான் போயிருந்த அன்றைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து ஒரு அப்பத்தா வந்திருந்தார். எழுபதைத் தாண்டிய வயசு. தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி எல்லாம் அந்தப் பக்கத்தில் அவரளவுக்குத் தெரிந்தவர்கள் இப்போது இல்லையாம். பேத்தி கையைப் பிடித்து மாடிப்படி ஏற்றிக் கூட்டி வந்தாள்.

பையன் பரபரப்பானான். மைக் பீரோவுக்குள் இருந்தது. பீரோ சாவி அவன் அப்பாவிடம். ஊர் திண்டுக்கல் ஆச்சே, பூட்டு விஷயத்தில் குறை வைப்பார்களா! சாவி வந்து மைக் வந்தால், ஸ்டாண்டின் கிளாம்ப் வீடியோ லைட்டில் மாட்டியிருக்கிறது. அதைக் கழற்றினால் ஹெட்ஃபோனுக்கு ஒரு பின் வேண்டும். அது மூன்று டப்பாக்களில் ஏதோ ஒன்றில். கம்ப்யூட்டரைப் போட்டால் 'அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள்' என்கிறது. இதற்குள் கரன்ட் வேறு ஒருமுறை போய் வந்தது. இன்வெர்ட்டர் இணைப்பு இருக்கிற பாயிண்ட்டில் டி.வி-தான் சொருகியிருந்தது.

நான் கடிகாரம் பார்த்தேன். 42 நிமிஷம்.

அந்த 42 நிமிஷத்தில் அப்பத்தா சும்மா இருக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, பேத்தியின் தலையைக் கோதிக்கொண்டே, தனக்குத்தானே ஒரு தாலாட்டை முனகிக்கொண்டு இருந்தார். அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த ஒரே சங்கீதம் அதுதான். அது எந்த மைக்கிலும் ஏறவில்லை. எல்லாம் தயாரானபோது அவர் எழுந்துவிட்டார். "ஏப்பா, இன்னும் எம்புட்டு நேரம்? நாலு மணி பஸ்ஸை விட்டா அப்புறம் ஏழுக்குத்தேன்." அவசரமாக இரண்டு பாட்டு பாடினார். மனசு பஸ்ஸில் இருந்தது.

அவரை வழியனுப்பிவிட்டு வந்து பையன் சொன்னான்: "என்ன மாமா பண்றது, நம்ம மைக் பத்தலை. 38,000 ரூபாய்ல ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். இ.எம்.ஐ-ல எடுத்துடலாம்னு இருக்கேன்."

எனக்கு வந்த கோபத்தில்தான் இந்த வாரக் கட்டுரை. அவன் மேல் அல்ல. 'உன் பாட்டு நன்றாக வரவில்லையா? இதை வாங்கு' என்று இருபத்துநாலு மணி நேரமும் அவன் காதில் ஓதிக்கொண்டே இருக்கிறதே ஒரு சந்தை, அதன் மேல். கேமரா முன்னால் பெட்டியைப் பிரித்துக் காட்டுகிறவர்களில், அந்தப் பொருளை ரூமில் எங்கே வைப்பது என்று சொல்கிறவர் எத்தனை பேர்? ஸ்க்ரூ டிரைவரைக் காட்டி விற்கிறார்கள். மேஜையைத் துடைக்கச் சொல்லி யாரும் விற்பதில்லை, அதில் கமிஷன் கிடையாதே.

நான் பி.காம். படித்தவன். கணக்காகவே பேசுகிறேன். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம். மேஜை நாற்காலிக்கு 10 சதவீதம். அதாவது, சீக்கிரம் மதிப்பு இழக்கிற பொருளுக்குக் கடன் வாங்குகிறோம். பல வருஷம் உழைக்கிற மேஜைக்கும் அலமாரிக்கும் காசில்லை என்கிறோம். பையன் ரூமில் இரண்டு கீபோர்டு இருந்தது, ஒன்றை ஒரு வருஷமாகத் தொடவில்லை. மளிகைக் கடைக்காரர் இதை டெட் ஸ்டாக் என்பார். போன விலைக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் விற்கிற சரக்கை வைப்பார்.

அப்போது எங்களுக்கு அலுவலக நிர்வாகம் என்று ஒரு பாடம் உண்டு. தூங்கி வழிந்த வகுப்புதான். ஆனால், ஃப்ராங்க் கில்ப்ரெத் என்று ஓர் அமெரிக்கர் கதை மட்டும் மறக்கவில்லை. அவரே கொத்தனாராக வேலை கற்றவர். ஒரு செங்கலை வைக்க கொத்தனார் 18 அசைவுகள் செய்கிறார் என்று எண்ணிப் பார்த்தார். அதை ஐந்தாகக் குறைத்தார். எப்படி? புதுக் கரண்டியா கொடுத்தார்? சாரத்தில் செங்கலுக்கு இடுப்பு உயரத்தில் ஒரு பலகை போட்டார். கொத்தனார் ஒவ்வொரு கல்லுக்கும் குனிந்து நிமிர வேண்டியதில்லை. நம் பையன் ஒரு பாட்டுக்குப் பீரோவுக்கும் மேஜைக்கும் எத்தனை தடவை குனிந்து நிமிர்ந்தான் என்பதை நான் எண்ணாமல் விட்டேன். எண்ணினால் அழுகை வந்திருக்கும்.

'சார், ஃபேக்டரிக்கும் கலைக்கும் என்ன சம்பந்தம்? கலைஞன்னா ரூம் கலைஞ்சுதான் இருக்கும்' என்று ஒரு கோஷ்டி கிளம்பும். தெரியும். அவர்களுக்கு டெட்ராய்ட் நகரத்து பெரி கோர்டியைத் தெரியாது போலிருக்கிறது. கார் ஃபேக்டரியில் வேலை பார்த்த மனிதர். 1959-ல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி இசைக் கம்பெனி ஆரம்பித்தார். ஒரு சாதாரண வீட்டை வாங்கினார். அதன் கார் ஷெட்தான் ரெக்கார்டிங் ரூம். மோட்டௌன் என்று உலகம் கொண்டாடுகிற பாட்டுகள் அந்தக் கார் ஷெட்டில் பிறந்தவை. கார் ஒரு கையில் இருந்து அடுத்த கைக்கு நகர்ந்து முழுசாக வெளியே வருகிற மாதிரி, பாட்டும் வரவேண்டும் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னவர். அந்தப் பாட்டுகளில் உயிர் இல்லை என்று யாராவது சொல்லட்டும், பார்ப்போம்.

அவ்வளவு தூரம் எதற்கு, கோடம்பாக்கத்துக்கு வாருங்கள். ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் தன் வீட்டு வளாகத்தில் 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' கட்டினார். கட்டியபோது உள்ளே கருவி வாங்கப் பணம் இல்லை, அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் முதல் ரெக்கார்டர் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். முதலில் இடம், அப்புறம் பொருள். இந்த வரிசையைக் கவனியுங்கள். மூன்று வருஷம் கழித்து, 1992-ல் 'ரோஜா'. அதுவரை சினிமாவில் ரெக்கார்டிங் என்றால் ஸ்டுடியோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். மீட்டர் ஓடும். சொந்த ரூம் வந்ததும், பாடகரை ராத்திரியில் கூப்பிட்டுப் பாடவிட்டு, மனம்போனபடி இழுக்கவிட்டு, அத்தனையையும் பதிவு செய்துகொண்டு, வேண்டியதை அப்புறம் பொறுக்கி எடுக்கலாம் என்றானது. நம் ஊர் சினிமா இசையின் சத்தமே மாறியதற்கு, புதுக் கருவிகளுக்கு இணையாக இந்தக் கதவு திறந்திருந்ததும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

இளையராஜா நேர் எதிர்க்கோடி. அவருக்குக் காகிதமும் பேனாவும் போதும். நோட்ஸ் எழுதி வாத்தியக்காரர்கள் முன்னால் வைத்துவிடுவார். கருவியே வேண்டாத மனிதர் என்றுதானே நினைப்பீர்கள்? அப்படிப்பட்டவரும் பிரசாத் ஸ்டுடியோவில் ஒரே இடத்தில் சுமார் நாற்பது வருஷம் உட்கார்ந்து வேலை செய்தார். அந்த இடம் தகராறாகி கோர்ட் வரை போய், கடைசியில் 2021 பிப்ரவரியில் கோடம்பாக்கத்தில் ஒரு பிரிவியூ தியேட்டரை மாற்றிச் சொந்த ஸ்டுடியோ வைத்தார். யார் பக்கம் நியாயம் என்ற பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். ஓர் இடத்தில் உட்கார்ந்ததும் கை தானாக வேலைக்குப் போகிற பழக்கம், எவ்வளவு பெரிய மேதைக்கும் தேவைப்படுகிறது என்பது மட்டும் போதும்.

சரி, சாணார்பட்டிக்கு வருவோம். அந்த 38,000 ரூபாய் மைக் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னும் மோசமாகியிருக்கும்! சினிமாவில் சவுண்ட் வேலை பார்க்கிற நண்பரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன். அந்த மாதிரி மைக்குகள் பாம்புக் காது கொண்டவை. ஃபேன் சத்தம், கம்ப்யூட்டர் உறுமல், கீழ் வீட்டு மிக்ஸி, நத்தம் பஸ் ஹாரன் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் போடும். மேடையில் பயன்படுத்துகிற சாதாரண மைக், வாய்க்குப் பக்கத்தில் வைத்தால், இந்த ரூமுக்கு அதைவிட நன்றாக உழைக்கும். பையனிடம் அது ஏற்கெனவே இரண்டு இருக்கிறது.

முட்டை அட்டை விவகாரத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினால் வெளிச் சத்தம் வராது என்று எவர் கிளப்பிவிட்டாரோ தெரியாது. சத்தத்தைத் தடுக்க கனம் வேண்டும். கனமான கதவு, அடைத்த சந்து. காகித அட்டையில் ஏது கனம்? உள்ளே எதிரொலியைக் கொஞ்சம் மட்டும் குறைக்கும், பல்லிக்கு வீடாகும், தீப்பிடித்தால் சீக்கிரம் எரியும். எதிரொலிக்கு வேறு வைத்தியம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது: கொடியில் தொங்கவிட்ட கனத்த ஜமுக்காளம், நிறுத்தி வைத்த இலவம்பஞ்சு மெத்தை, கதவு திறந்த துணி பீரோ. அப்பத்தாவை அந்த பீரோவுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பையனும் நானும் உட்கார்ந்தோம். பத்து பைசா செலவில்லை. தொடாத கீபோர்டு விற்பனைக்குப் போனது. ஒரு மைக் ஸ்டாண்டிலேயே நிரந்தரமாக நின்றது, தூசிக்கு மேலே ஒரு துணிப்பை. அதன் ஒயரை இனி யாரும் கழற்றக் கூடாது. கரன்ட் ஒயரும் மைக் ஒயரும் ஜடை பின்னியது மாதிரி கிடந்தன. பாட்டுக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று எனப் பிரித்தோம். கம்ப்யூட்டர் பெட்டி மேஜைக்குக் கீழே தூரத்து மூலைக்குப் போனது. இன்வெர்ட்டர் பாயிண்ட்டில் இருந்து டி.வி-யைப் பிடுங்கினோம். (இதற்கு அவன் அம்மாவிடம் நடந்த பேச்சுவார்த்தை தனிக் கட்டுரை.) சாஃப்ட்வேரில் ஒரு காலி ஃபைல், மைக், டிராக் எல்லாம் முன்கூட்டியே இணைத்து, திறந்தவுடன் சிவப்புப் பட்டனை அமுக்கலாம் என்கிற நிலையில் சேமித்தோம். ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, பாடியவர், ஊர் என்று பெயர். முன்பு 'நியூ பாட்டு ஃபைனல் 3' என்று ஒரு ஃபைல் இருந்தது. திறந்தால் ஆட்டோ விளம்பரம்!

நான் பிடிவாதமாக நின்றது ஒரே ஒரு மாற்றத்துக்கு. கம்ப்யூட்டர் திரை பாடுகிறவருக்குத் தெரியக் கூடாது. பாடுகிறவருக்குப் பையனின் முகம் தெரிய வேண்டும். நடவுப் பாட்டு எதிர்ப்பாட்டு கேட்டு வளர்ந்தது, ஒப்பாரி பக்கத்தில் இருக்கிற பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. அந்த அப்பத்தாவின் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, 'டிக் டிக்' என்று தாளத்தைக் காதுக்குள் அடித்து, இதோடு சேர்ந்து அழு என்றால் எப்படி அழுவார்? ஊரில் ஸ்டுடியோ வைப்பவர்கள் சென்னை ஸ்டுடியோவைச் சுருக்கிக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். யார் வந்து பாடப்போகிறார்களோ அவர்களுக்காகக் கட்டவேண்டாமா?

கொல்லங்குடி கருப்பாயி ரேடியோவில் பாடினார், 1985-ல் 'ஆண் பாவம்' படத்துக்கு வந்தார். பரவை முனியம்மா 2003-ல் 'தூள்' படத்துக்கு வந்தபோதுதான் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தார், 2020-ல் போய்ச் சேர்ந்தார். யாரோ ஒருவர் நேரத்துக்கு மைக்கை நீட்டியதால் இவர்கள் நமக்குக் கிடைத்தார்கள். மைக் நீட்டப்படாத பாட்டிகளின் எண்ணிக்கை எந்தப் பேரேட்டிலும் இல்லை. அந்தப் பாட்டுகளுக்கு நோட்டுப் புத்தகம் கிடையாது, எழுதிக் கொடுத்த வாத்தியார் கிடையாது. பாடுகிறவர் போனால் பாட்டும் போகும். இன்று கிராமத்துக்கு ஒரு பையன், ஒரு பொண்ணு கையில் பதிவுக் கருவி இருக்கிறது. ரேடியோ ஸ்டேஷனுக்குப் பஸ் பிடித்துப் போகவேண்டிய காலம் போய்விட்டது. இப்படி ஒரு வசதி வந்த பிறகும், பின் எந்த டப்பாவில் என்று தேடிக்கொண்டு இருந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பையன் 'இந்த ரூம்ல எதையும் நகர்த்தாதீங்க' என்றால் அதைத் திமிர் என்று நினைக்காதீர்கள். விருந்தாளி வந்தால் முதலில் காலி செய்யப்படுவது அவன் மேஜைதான். வெங்காய மூட்டை இறங்குவதும் அங்கேதான். தையல் மிஷின் வைத்திருக்கிற வீட்டில் யாராவது தினமும் அதைப் பிரித்துப் பரணில் போடுகிறீர்களா? அது சம்பாதிக்கிறது என்று தெரிந்ததால் அதற்கென்று ஓர் இடம் கொடுத்தீர்கள்.

அந்த ஞாயிறு சாயங்காலம் ஒத்திகை பார்த்தோம். மாடிப்படியில் இருந்து பேத்தி வயசுப் பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒருத்தியை ஓடிவரச் சொன்னேன். கதவு தட்டியதில் இருந்து சிவப்பு விளக்கு எரிகிற வரை ஒன்றே முக்கால் நிமிஷம். "இன்னும் குறைக்கலாம் மாமா, கம்ப்யூட்டரை அணைக்காம வெச்சா" என்றான். இ.எம்.ஐ. பேச்சை அவன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அப்பத்தா ஊருக்குக் காலையில் எத்தனை மணிக்கு பஸ் என்று அவன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.