வாசலுக்கு மினுக்கு எதுக்கு?

கொழிஞ்சாம்பாறையிலும் குமுளியிலும் வீடு கட்டிவிட்டு வளைகுடாவில் உட்கார்ந்திருக்கும் மக்களே, போட்டோவில் வாசல் கண்ணாடி மாதிரி மின்னுகிறதா? அதில் தினமும் நடப்பது நீங்களும் நானும் இல்லை, நம்ம அம்மாக்கள்.

"வெட்-லுக் சீலர் குடுங்க" என்றால் கடைக்காரர் நீட்டுவது பெரும்பாலும் பளபள அக்ரிலிக். இன்டர்லாக் கல் மேல் தோல் மாதிரி படியும். நனைந்தால் வழுக்கும். கல்லுக்குள் இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். மூணாறு மழைக்கு இதுவா? பாலக்காட்டு மார்ச் வெயிலில் பூசினாலோ கொப்புளம் கட்டும்.

நான் கடன் பைல் பார்க்கிற பி.காம். ஆசாமி, கெமிஸ்ட்ரி தெரியாது. பட்டபின் படித்தது இவ்வளவுதான்: படலம் கட்டாமல் கல்லுக்குள் இறங்கும் சிலேன்-சிலாக்சேன் வகையைக் கேளுங்கள். அதிலும் சாதா வகை நிறத்தை அவ்வளவாக மாற்றாது. நிறத்தை ஆழமாக்கும் வகை என்று அழுத்திச் சொல்லணும். கல்லில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்தக் கருமைதான் வரும். பளபளப்பு வராது, வரவும் வேண்டாம். புது கான்கிரீட்டா, 28 நாள் பொறுங்கள். இடவப்பாதிக்கு முன்னாடி, நன்றாகக் காய்ந்த தரையில், முதலில் ஒரு மூலையில் மட்டும்.

"காசு போனாலும் பரவால்ல, நல்லா மின்னணும்" என்று போனில் மேஸ்திரியிடம் சொன்னவன் நான்தான். மழை பெய்தால் அம்மா இப்போ பின்வாசல் வழியாத்தான் போறாங்க.