நோய்க்கும் விலாசம் உண்டு

நம் ஜனங்களில், ஒரு வியாதி வந்துவிட்டால் "ஏன் வந்தது?" என்று கேட்கிறவர்கள் அநேகர் உண்டு. "எங்கே வந்தது?" என்று கேட்கிறவர்கள் மிகச் சிலரேயாவார்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஜோசியனும், பூசாரியும், மந்திரவாதியும் எப்போதும் தயாராகவே இருக்கிறார்கள். ஒருவன் கிரகம் என்பான். ஒருவன் அம்மன் கோபம் என்பான். இருவருக்கும் தட்சணை கொடுத்து அலுத்தவன் தலைவிதி என்று சொல்லிக்கொண்டு படுத்துவிடுவான். ஆனால் எந்தத் தெருவில், எந்தக் குழாயடியில், எந்தத் தேதியில், எத்தனை பேருக்கு என்று கணக்கெடுத்து, அதை ஊர்ப் படத்தின் மேல் ஒவ்வொரு புள்ளியாக வைத்துப் பார்த்தால், அந்தப் புள்ளிகள் கிரகத்தையும் காட்டுவதில்லை, அம்மனையும் காட்டுவதில்லை. சாக்கடையையும், கிணற்றையும், கொசுவையுமே காட்டுகின்றன.

இது நமது கற்பனையல்ல. 1854ஆம் வருஷம் லண்டன் நகரத்தில், பிராட் தெருவைச் சுற்றி வாந்திபேதி கண்டு 600 பேருக்கு மேல் மாண்டார்கள். கெட்ட காற்றே காரணம் என்று பெரிய வைத்தியர்களெல்லாம் சாதித்துக்கொண்டிருந்தார்கள். ஜான் ஸ்நோ என்கிற ஒரு டாக்டர் மாத்திரம் செத்தவர்களுடைய வீடுகளைத் தேடிப் போய் விசாரித்தார். பெரும்பாலான சாவுகள் ஒரே ஒரு அடிபம்பைச் சுற்றியே நின்றன. பக்கத்திலேயே இருந்த பீர் ஆலைத் தொழிலாளிகள் அந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை, அவர்கள் பிழைத்தார்கள். சொந்தக் கிணறு வைத்திருந்த ஏழைகள் விடுதியில் சாவு மிகச் சொற்பம். காற்று கெட்டிருந்தால் இவர்களை மட்டும் அது விட்டுவிடுமா? செப்டம்பர் 8ந் தேதி அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. பிறகு ஸ்நோ அந்தச் சாவுகளைப் படத்திலேயே குறித்துக் காட்டினார். அவர் சொன்னதைப் பொய்யென்று காட்டப் புறப்பட்ட ஹென்றி வொயிட்ஹெட் என்கிற பாதிரியாரே, வீடு வீடாக விசாரித்த பிறகு அது மெய்யென்று ஒப்புக்கொண்டார். வாந்திபேதிக் கிருமியைக் கோக் என்கிற ஜெர்மானியர் கல்கத்தாவில் வைத்து உறுதிப்படுத்தியதோ 1884இல்தான். கிருமி இன்னதென்று தெரிவதற்கு முன்பே, இடம் இன்னதென்று தெரிந்ததால் வழி பிறந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

நிற்க, நம் பழனி மலைக்கு வருவோம். இடத்துக்கும் சுகத்துக்கும் சம்பந்தம் உண்டென்பது ஆண்டவர்களுக்குத் தெரியாத விஷயமல்ல. 1821இல் வார்டு என்கிற வெள்ளைக்கார அதிகாரி வெள்ளகவி கிராமத்து வழியாக மலையேறி இந்தப் பிரதேசத்தை அளந்தார். கீழ்நாட்டில் வியாதிக்குத் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷனார் 1845இல் கொடைக்கானலில் பங்களா கட்டிக்கொண்டு சுகம் தேடினார்கள். அவர்கள் விதியென்று உட்கார்ந்திருக்கவில்லை. படத்தைப் பார்த்து இடத்தை மாற்றிக்கொண்டார்கள். அவர்களை நாற்காலியில் சுமந்து மலையேற்றியவர்களுக்கோ அந்தப் படத்தால் என்ன லாபம்? வெள்ளகவி ஜனங்கள் அண்மைக் காலம் வரையிலும் ரோடு இல்லாமல், நோயாளியை டோலி கட்டித் தோளில் சுமக்க வேண்டியிருந்தது. படத்தில் முதலில் ஏறிய ஊர், வைத்தியத்தில் கடைசியாகிவிட்டது!

செண்பகனூர் கொடைக்கானலுக்குக் கீழ்ச்சரிவில் இருக்கிறது. 1863இல் உண்டாக்கப்பட்ட ஏரியில் மிஞ்சிய தண்ணீர் அந்தப் பக்கத்து மலைச்சாலையோரம் வெள்ளி அருவியாக விழுகிறது. பிரயாணிகள் அதைப் பார்த்து ஆனந்தப்படுகிறார்கள். ஆனால் மேலே பட்டணத்தில் எந்தச் சாக்கடை எந்த ஓடையில் சேருகிறது, அந்த ஓடை எந்தக் குடிசையின் வாசலைத் தொடுகிறது என்பதைப் படத்தில் பார்க்காமல், கீழே இருக்கிறவர்களுக்கு வருகிற வயிற்றுப்போக்குக்குக் காரணம் சொல்ல முடியுமா? மேலே இருக்கிறவன் கழித்தது கீழே இருக்கிறவனுக்குத் தீர்த்தமாய் வருவது நம் நாட்டில் மலையில் மாத்திரம் நடக்கிற காரியமல்லவே.

பாதரச விஷயம் இன்னும் பெரிய பாடம். 1984இல் கொடைக்கானலில் ஆரம்பித்து, பின்னால் ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்கு வந்த தர்மாமீட்டர் ஆலையின் கழிவு, 2001இல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டு, ஆலை மூடப்பட்டது. 591 பழைய தொழிலாளிகளோடு உடன்பாடு ஏற்பட்டது 2016இல்தான். மண்ணில் கலந்த பாதரசம் கண்ணுக்குத் தெரியாது. இடம் இடமாக மண்ணெடுத்துச் சோதித்துப் படத்தில் குறித்தாலொழிய, அது எந்தச் சரிவில் எவ்வளவு தூரம் போயிற்று என்று யாரும் சொல்ல முடியாது. படம் இல்லாத இடத்தில் கம்பெனி சொன்னதே கணக்கு, தொழிலாளி சொன்னது வெறும் புலம்பல் என்றாகிவிடும்.

இன்றோ இந்த வேலைக்கு ஸ்நோவைப் போல் தெருத் தெருவாக அலைய வேண்டியதுகூட இல்லை. வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களின் துணையால், சட்டைப் பையிலுள்ள போன் நாம் நிற்கும் இடத்தைச் சில கஜ தூரத்துக்குள் சொல்லிவிடுகிறது. 2004இல் சர்க்கார் தேசமெங்கும் நோய்க் கண்காணிப்புத் திட்டத்தை ஆரம்பித்தார்கள். 2021 ஏப்ரலில் நோயை இடக்குறியோடு பதியும் ஏற்பாடும் வந்தது. கொரோனா காலத்தில், 2020இல், கடலூர், விழுப்புரம், அரியலூர் ஜில்லாக்களில் திடீரென்று நோய் பெருகியபோது, அது கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து ஊர் திரும்பியவர்களால் வந்ததென்று இடத்தைக் கொண்டுதான் கண்டார்கள். ஆனால் அதே வருஷம் சென்னையில் சில வீட்டு வாசல்களைத் தகரம் அடித்து அடைத்ததையும் நாம் மறக்கவில்லை. நோய் இருக்கும் இடத்தைக் குறிப்பது நோயைத் துரத்துவதற்கே அல்லாமல், நோயாளியை ஒதுக்கி வைப்பதற்கல்ல. ஒதுக்கி வைப்பதில் இந்த நாட்டுக்குப் புதிதாய்ப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை.

ஆகவே நாம் கேட்பது மூன்றே காரியங்கள். முதலாவது, நோய்ப் படம் உத்தியோகஸ்தர்களின் பெட்டிக்குள் மாத்திரம் இருக்கக் கூடாது. ஆளின் பெயரை நீக்கிவிட்டு, வார்டு வாரியாக, ஒவ்வொரு வாரமும் முனிசிபாலிட்டி வாசலில் ஒட்டப்பட வேண்டும். இரண்டாவது, பங்களாவும் ஓட்டலும் படத்தில் இருப்பது போலவே சேரியும், தோட்டக் கூலிகளின் லயங்களும், காட்டோரக் குடிசைகளும் இருக்க வேண்டும். படத்தில் இல்லாத வீட்டைத் தேடி 108 வண்டி எப்படி வரும்? மூன்றாவது, படத்தில் காணும் கெட்ட தண்ணீருக்கு இத்தனை நாளில் பரிகாரம் என்று நாள் குறிக்க வேண்டும். 2024 மே 7ந் தேதி முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வைத்துக் கணக்கெடுக்கத் தெரிந்தவர்களுக்கு, மலையில் குடியிருப்பவனின் தண்ணீர்க் குழாயைக் கணக்கெடுக்கத் தெரியாமலா போகும்?

வாசகர்களும் சர்க்காரையே நம்பிச் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் இரண்டு வீட்டில் ஒரே வாரத்தில் காய்ச்சலோ பேதியோ கண்டால், ஒரு காகிதத்தில் தெருவை வரைந்து, அந்த வீடுகளையும், கிணற்றையும், குழாயையும், சாக்கடையையும் குறித்து, நாலு பேர் கையெழுத்தோடு சுகாதார அதிகாரியிடம் கொடுங்கள். கூழ் ஊற்றுகிற செலவைவிட அந்தக் காகிதத்தின் விலை குறைவு, பலனோ அதிகம். மாரியம்மனுக்கு விலாசம் தெரியுமோ தெரியாதோ, கெட்ட தண்ணீருக்கு விலாசம் உண்டு. அதைக் கண்டுபிடித்து அடைப்பது நம் கையில் இருக்கிறது.