தயவுசெய்து துப்பாக்கியை இங்கே போடவும்

மணிப்பூரில் 2025 பிப்ரவரியில் ஆளுநர் அஜய் குமார் பல்லா கொடுத்த ஏழு நாள் கெடு முடிந்து, பிறகு அது மார்ச் 6 மாலை 4 மணி வரை நீட்டிக்கப்பட்டது. கொள்ளையடித்த துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைத்தால் நடவடிக்கை கிடையாது என்றார்கள். கரண்ட் பில் கட்டக்கூட நமக்கு யாரும் இவ்வளவு பெருந்தன்மையாகத் தவணை தந்ததில்லை.

2023 மே மாதக் கலவரத்தில் தொடங்கி, போலீஸ் ஆயுதக் கிடங்குகளிலிருந்து பறிபோன ஆயுதங்கள் சுமார் 6,000 என்கிறார்கள். அந்த ஜூன் மாதம் இம்பாலில் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. சுசிந்த்ரோ மெய்தேய் தன் வீட்டில் ஒரு பெட்டியை வைத்து, பறித்த ஆயுதங்களைத் தயவுசெய்து இங்கே போடும்படி அறிவிப்பும் தொங்கவிட்டாரே, நினைவிருக்கிறதா? தயவுசெய்து! கோயில் உண்டியலில் காசு திருடியவனைக்கூட இப்படிக் கெஞ்ச மாட்டார்கள். கெஞ்சி என்ன ஆயிற்று? இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 3-ல், நாரன்சேனாவில் உள்ள இந்திய ரிசர்வ் பட்டாலியன் தலைமையகத்துக்குள் கூட்டம் புகுந்தது. 195 எஸ்.எல்.ஆர். துப்பாக்கிகள், 124 கையெறி குண்டுகள், 19,000-க்கும் மேற்பட்ட தோட்டாக்கள் போயின. ராத்திரியில் கன்னம் வைத்து அல்ல, பட்டப்பகலில். சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையில் 7 பேர். ஏழு பேர் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு போனார்களா இத்தனையையும்?

ஆயுத அறையின் நடைமுறை தெரிந்தவர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் நம்பர் உண்டு. எடுத்தாலும் கையெழுத்து, வைத்தாலும் கையெழுத்து. சுடும் பயிற்சி முடிந்ததும் காலித் தோட்டாவைப் புல்லில் தேடிப் பொறுக்கி, எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தக் கான்ஸ்டபிள் பாடு திண்டாட்டம்தான். மே மாதமே கிடங்குகள் சூறையாடப்பட்ட மாநிலத்தில், ஆகஸ்ட் வரை அத்தனை தோட்டாவையும் அதே முகாமில் குவித்து வைக்கச் சொன்ன அதிகாரி யார்? அவர் எந்தக் காலித் தோட்டாவுக்குக் கணக்குச் சொன்னார்?

2025 பிப்ரவரி 27-ல் மெய்தேய் ஆயுதக் குழுவான அரம்பாய் தெங்கோல் அமைப்பினர் வண்டிகளில் வந்து 246 ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். சந்தோஷம். மீதியை வைத்திருப்பவர்கள் மாலை நாலு மணிக்குள் வருவார்களா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அரசாங்கம்.

இதே நாட்டில்தான், காட்டுப்பன்றியை விரட்ட லைசென்ஸ் வாங்கி ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயி, தேர்தல் அறிவித்ததும் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார். ரசீது வாங்குகிறார். ஓட்டு எண்ணி முடிந்த பிறகும் அதைத் திரும்பப் பெற நடையாய் நடக்கிறார். அதற்குள் பன்றி கடலைக்காட்டைக் கிளறிவிட்டுப் போய்விடுகிறது. இந்தப் பக்கத்தில் பல முறை எழுதிவிட்டோம், இன்னொரு முறையும் எழுதுகிறோம்: முடிவு வெளியான மறுநாளே அவர் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்புங்கள் ஐயா. உங்கள் கிடங்கில் இருப்பதைவிட அவர் வீட்டில் அது பத்திரமாகவே இருக்கும்.