பந்தும் விசிலும் போதுமா?

கால்பந்து ஆடத் தெரிந்தவருக்கு, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் தெரியும் என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. ஆடுவது ஒரு வித்தை. கற்பிப்பது வேறொரு வித்தை.

தலையில் அடிபட்ட சிறுவன், “ஒன்றுமில்லை சார், ஆடுகிறேன்” என்பான். விவரம் அறியாத பயிற்சியாளர் முகத்தில் தண்ணீர் தெளித்து, மறுபடியும் மைதானத்தில் இறக்கிவிடுவார். முறையாகப் படித்தவரோ அன்று அவனை ஆடவே விடமாட்டார், வைத்தியரிடம் அனுப்புவார். மூளைக்கு ஏற்படும் அதிர்ச்சி வெளியே தெரியாது. அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று 2015-ல் அறிவித்ததும் இந்த அச்சத்தினால்தான்.

மாலையில் சம்பளமின்றி உழைக்கும் மனிதரிடம் லைசென்ஸ் கேட்பது நியாயமா என்று சிலர் கேட்கலாம். ஐஸ்லாந்து இதற்குப் பதில் சொல்கிறது. சுமார் 3½ லட்சம் ஜனங்களே இருந்த அந்த நாட்டில், சிறுவர்களைப் பழக்குகிறவர்களும் படித்து லைசென்ஸ் பெறுவது வழக்கமாயிற்று. 2016-ல் ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் அது இங்கிலாந்தை 2-1 என்று வென்றது. 2018-ல் உலகக் கோப்பையிலும் ஆடியது. அப்போது அதன் பயிற்சியாளராயிருந்த ஹால்கிரிம்சன் ஒரு பல் வைத்தியர்! தொழிலுக்கு நடுவே பயிற்சிக் கலையையும் படித்தவர்.

படிப்புச் செலவைச் சங்கங்கள் ஏற்கட்டும். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டிக்காரருக்கு லைசென்ஸ் வேண்டும்; அவர்களை ஆட வைப்பவருக்கு மட்டும் வேண்டாமா?