வீட்டுக்குப் படம் காட்டும் பெட்டி எது?

வவுனியாவிலிருந்து வாசகி ஒருவர் எமக்கு எழுதியுள்ள கடிதம், இக்காலத்தில் நம்மவர் வீடுகள் பலவற்றுக்கும் பொதுவானதொரு சிக்கலை எடுத்துரைக்கின்றது. அவருடைய தமையனார் கனடாவிலிருந்து வந்திருந்தபோது, ஏறக்குறைய நானூறு திரைப்படங்கள் அடங்கிய வன்தட்டு ஒன்றைத் தாயாருக்கெனக் கொண்டுவந்து கொடுத்துச் சென்றாராம். அதனைத் தொலைக்காட்சிப் பெட்டியிற் செருகியபோது சில படங்கள் செவ்வனே ஓடின. சிலவற்றில் உருவம் தெரிந்தது, ஓசை வரவில்லை. வேறு சிலவற்றைப் பெட்டி ஏற்கவே மறுத்துவிட்டது. அவ்வன்தட்டிலேயே, 1994இல் ரொறன்ரோவில் நடந்த தமையனாரின் கலியாண ஒளிநாடாவின் பிரதியும் இருக்கின்றது. விசா கிடையாமையால் அக்கலியாணத்துக்குச் செல்ல இயலாதுபோன தாயாருக்கு, நானூறு படங்களையும்விட அந்த ஒன்றே பெரிது. அதுவோ, ஆட்கள் அசையும்போதெல்லாம் சீப்புப் பற்கள்போற் கோடு கோடாகத் தெரிகின்றது. “கடைக்காரர் ஒவ்வொருவரும் தத்தம் கையிலுள்ள பெட்டியையே சிறந்ததென்கின்றனர். எதனை வாங்கலாம்?” என்று வினவுகின்றார் அந்த அம்மையார்.

அந்நானூறு படங்களும் எவ்வழி வந்தன என்று நாம் வினவப்போவதில்லை. ஆயின், பெட்டியைப் பற்றி ஈற்றிலேதான் சிந்திக்க வேண்டும் என்பது எமது துணிபு. முதலிற் பார்க்க வேண்டியது சேகரிப்பை. அடுத்துப் பார்க்க வேண்டியது, பெட்டியின் முன்னே அமரப்போகின்றவரை.

வன்தட்டில் உள்ள படம் ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. அதன் பெயரின் ஈற்றில் எம்.பி.4 என்றோ எம்.கே.வி. என்றோ காணப்படும். இது உறையின் பெயரேயன்றி உள்ளடக்கத்தின் பெயரன்று. எம்.கே.வி. என்னும் உறை 2002இல் தோன்றியது. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் உருசிய மரப்பாவையின் பெயரைத் தழுவி அதற்கு ‘மற்றொஸ்கா’ என்று பெயரிட்டனர். பொருத்தமான பெயர்தான். அவ்வுறைக்குள்ளே படம் ஒருவிதமாகச் சுருக்கப்பட்டிருக்கும். ஓசை வேறுவிதமாகச் சுருக்கப்பட்டிருக்கும். வசன எழுத்து இருப்பின் அது தனியே கிடக்கும். பெட்டிக்கு இம்மூன்றும் தெரிந்திருத்தல் வேண்டும். “எங்கள் பெட்டி எம்.கே.வி. ஓட்டும்” என்று கடைக்காரர் சொல்லும்போது, உறையைப் பிரிக்கத் தெரியும் என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

படத்தைச் சுருக்கும் முறைகளும் காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளன. டி.வி.டி. இறுவட்டுகளில் உள்ளது எம்பெக்-2 என்னும் பழைய முறை. 2003இல் எச்.264 வந்தது. 2013இல் எச்.265 வந்து, அதே படத்தை ஏறக்குறைய அரைவாசி இடத்தில் அடக்கிற்று. 2018இல் ஏவி1 வந்தது. 2012இல் வாங்கிய தொலைக்காட்சிக்கு 2013இற் பிறந்த முறை தெரியாதது அதன் குற்றமன்று. வாசகியின் தொலைக்காட்சி ஏற்க மறுக்கும் படங்களிற் பெரும்பாலானவை எச்.265 ஆகவே இருக்கும் என்று எண்ணுகின்றோம். வி.எல்.சி. என்னும் இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, அதிற் படத்தைத் திறந்து, ‘கோடெக்’ விவரத்தை நோக்கினால் இது தெரிந்துவிடும்.

ஓசை வராத மர்மம் இதனினும் சுவையானது. திரைப்படங்கள் பலவற்றின் ஓசை டி.ரி.எஸ். என்னும் முறையில் அமைந்தது. அதற்குரிய உரிமத்தைத் தொலைக்காட்சி செய்வோர் பெற்றிருந்தாலன்றி அவர்தம் பெட்டி அவ்வோசையை எழுப்பாது. சம்சுங் நிறுவனம் 2018ஆம் ஆண்டுத் தயாரிப்புகளிலிருந்து அதனைக் கைவிட்டது, எல்.ஜி. நிறுவனம் 2020இற் கைவிட்டு, 2023இற் சில பெட்டிகளில் மீளச் சேர்த்தது. ஆகவே, பழைய தொலைக்காட்சியிற் பேசிய படம் புதிய தொலைக்காட்சியில் ஊமையாகிவிடுதலும் உண்டு! புதியது வாங்கிப் புத்தி கெட்டோம் என்று மனம் வருந்தற்க. டி.ரி.எஸ். ஓசையைத் தானே அவிழ்த்துச் சாதாரண ஓசையாக்கி, எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே தொலைக்காட்சிக்கு அனுப்பும் கருவி ஒன்றிருப்பின் போதும். வி.எல்.சி.யும், ‘கோடி’ என்னும் மற்றோர் இலவச மென்பொருளும் இதனைச் செய்ய வல்லன. (கோடி என்றவுடன் நூறு இலட்சத்தை நினைத்துவிட வேண்டாம், ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை.)

இனி எழுத்து. மலையாளப் படத்தையோ இந்திப் படத்தையோ தமிழ் வசன எழுத்தோடு பார்க்க விரும்புவோர் உளர். காது மந்தமான முதியோருக்குத் தமிழ்ப் படத்துக்கே எழுத்து வேண்டியிருக்கின்றது. எஸ்.ஆர்.ரி. என்னும் வசனக் கோப்பு படத்தின் பெயரையே தானும் தாங்கி, படத்தின் அருகிலேயே இருத்தல் வேண்டும். நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துருவில் அது தட்டச்சுச் செய்யப்பட்டிருப்பின், திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குப்பையாகக் கொட்டிக் கிடக்கும். அதனை யுனிகோட் எழுத்துக்கு மாற்றிச் சேமித்தல் வேண்டும். அவ்வாறு மாற்றிய பின்னரும், தொலைக்காட்சிகள் சில தமிழைக் கட்டம் கட்டமாகவே காட்டும்; வேறு சில கொம்பையும் அரவையும் எழுத்தைவிட்டுப் பிரித்து நிறுத்தும். கோடியில் நமக்கு வேண்டிய தமிழ் எழுத்துருவொன்றைச் சேர்த்துக்கொள்ள இடமுண்டு.

கலியாணப் படத்துக்கு வருவோம். ஒளிநாடாக் காலத்தில் ஒவ்வொரு படச்சட்டமும் முழுமையாகப் பதியப்படவில்லை. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவையும், இரட்டைப்படைக் கோடுகள் மறு தடவையுமாக, பாதி பாதியாகவே பதிந்தனர். பழைய கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சியும் அவ்வாறே பாதி பாதியாகக் காட்டியமையால் கண்ணுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்றைய தட்டைத் திரையோ எல்லாக் கோடுகளையும் ஒருங்கே காட்டுவது. ஒரு பாதிக்கும் மறு பாதிக்கும் இடையில் மணமகள் கையை உயர்த்தியிருப்பின், அக்கை சீப்பாகிவிடும். இரு பாதிகளையும் இசைவித்துக் காட்டும் வேலையை, படம் ஓட்டும் கருவியே செய்தல் வேண்டும். மலிவான பெட்டிகள் சில இதனைச் செய்வதில்லை, கோடியிலும் வி.எல்.சி.யிலும் இதற்கென ஓர் ஒழுங்கு உண்டு.

இன்னொன்றும் இதிற் சேர்ந்திருக்கின்றது. இலங்கையிலும் பிரித்தானியாவிலும் வழங்கியது ‘பால்’ முறை (குடிக்கும் பால் அன்று); விநாடிக்கு 25 படச்சட்டங்கள். பிரான்சில் வழங்கியது ‘செக்கம்’. கனடாவில் வழங்கியதோ என்.ரி.எஸ்.சி.; விநாடிக்கு ஏறக்குறைய 30. கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய நாடாவை இங்குள்ள யந்திரத்தில் இட்டபோது, மாப்பிள்ளையும் பெண்பிள்ளையும் நிறமிழந்து மேலும் கீழுமாக உருண்டதைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். கோப்பாக மாறிய பின் இத்தொல்லை பெரிதும் நீங்கிவிட்டது. நல்ல பெட்டி இரண்டு கணக்கையும் ஓட்டும். ஆயின், நாடாவைக் கோப்பாக்கித் தருபவரிடம், கனடா நாடாவைக் கனடாக் கணக்கிலேயே பதியுமாறு சொல்லுதல் நன்று. முப்பதை இருபத்தைந்தாக்கினால் நடப்பவர் நொண்டுவார். திரைப்படங்கள் வேறு வகை: விநாடிக்கு 24 சட்டங்களாக எடுக்கப்பட்டவற்றை நம் முறைக்கென 25ஆக விரைவுபடுத்தினர், அதனால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துபோகும், பாட்டும் சிறிது உச்சத்தில் ஒலிக்கும். பழைய இறுவட்டிற் கேட்ட பாடகரின் குரல் வானொலியிற் கேட்டதைவிட மெலிந்திருந்ததேன் என்று ஐயுற்றிருந்தோர்க்கு இது விளக்கமாகலாம்.

நிற்க. பெட்டிக்கு வருவோம்.

அப்பிள் ரி.வி. 4கே சிறந்த கருவியே. எனினும் வன்தட்டைச் செருகுதற்கு அதில் துளையே கிடையாது. வீட்டில் எந்நேரமும் விழித்திருக்கும் வேறொரு கணினி படங்களை அதற்கு அனுப்ப வேண்டும். அமேசனின் ஃபயர் ரி.வி. ஸ்ரிக் கையடக்கமானது; வன்தட்டை இணைப்பதற்குத் தனிக் கம்பியொன்று தேட வேண்டும். ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியிற் கோடியை நிறுவிக்கொள்வோர் உளர். கைத்தொழிலில் ஆர்வமுள்ள பிள்ளை வீட்டில் இருந்தாற் செய்யலாம், அப்பிள்ளை வெளிநாடு போய்விட்டால் யார் பார்ப்பது என்பதையும் எண்ணிக்கொள்ள வேண்டும். வவுனியா வீட்டுக்கு நாம் சொல்வது: கூகிளின் முறையான அங்கீகாரம் பெற்ற, யூ.எஸ்.பி. துளையுள்ள அன்ட்ரொயிட் ரி.வி. பெட்டி ஒன்று; அதிற் கோடி. பட்டியல்களைத் தமிழிலும் அமைத்துக்கொள்ளலாம். தாயார் அழுத்த வேண்டிய பொத்தான்கள் நான்கு அல்லது ஐந்துக்கு மேற்படலாகாது; அவை எவையென ஒரு கடதாசியிற் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுக.

‘முறையான அங்கீகாரம்’ என்று நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெயர் ஊர் இல்லாத மலிவுப் பெட்டிகள் பல, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தீய மென்பொருளோடு வந்தமை 2023இல் வெளியாயிற்று. 2025 யூன் மாதத்தில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இத்தகைய பெட்டிகளைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. வீட்டு இணையத்தைப் பிறர் களவுக்குப் பயன்படுத்தும் வாயிலாக அப்பெட்டி இருந்துவிடும். ‘ஆயிரம் அலைவரிசை இலவசம்’ என்று விளம்பரப்படுத்தும் பெட்டியை வாசற்படி தாண்ட விடாதீர்கள்.

பம்பலப்பிட்டிக்கோ யாழ்ப்பாண நகருக்கோ வாங்கச் செல்லும்போது, ஒரு பென் டிரைவில் ஐந்து கோப்புகளைக் கொண்டுபோங்கள்: ஓசை வராதது ஒன்று, ஏற்க மறுத்தது ஒன்று, தமிழ் எழுத்துள்ளது ஒன்று, சேகரிப்பிலேயே மிகப் பெரியது ஒன்று, கலியாணம். இவற்றை ஓட்டிக்காட்டிய பின்னரே பணம். ஓட்டிக்காட்ட மனமில்லாத கடையில் வாங்குவானேன்?

எந்தப் பெட்டியும் நிலையானதன்று. வெஸ்ரேர்ண் டிஜிற்றல் நிறுவனம் 2008இல் வெளியிட்ட டபிள்யூ.டி. ரி.வி. என்னும் பெட்டி, வன்தட்டைச் செருகினால் எதனையும் ஓட்டும் எனப் பெயர் பெற்றது. சில ஆண்டுகளில் அதன் தயாரிப்பே நின்றுபோயிற்று. ஒப்போ நிறுவனம் தன் புகழ்பெற்ற புளூ-றே கருவிகளை 2018இல் நிறுத்திற்று. பிளெக்ஸ் என்னும் மென்பொருள் 2025இற் கட்டணத்தை உயர்த்தி, வெளியிடத்திலிருந்து நம் படத்தை நாமே பார்ப்பதற்கும் பணம் கேட்கத் தொடங்கிற்று. ஆகையாற் படங்களை எந்தப் பெட்டிக்குள்ளும் பூட்டி வைக்காது, சாதாரணக் கோப்புகளாக வெளி வன்தட்டிலேயே வைத்திருத்தல் வேண்டும். பெட்டி போனால் இன்னொரு பெட்டி வரும்.

வன்தட்டு போனால்? இதுவே எமக்குக் கவலை தருவது. நம் நாட்டு மின்சாரத்தை நம்பி இரவிற் படம் பார்ப்போர் 2022ஆம் ஆண்டை மறந்திருக்கமாட்டார்கள். ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு. ஓடிக்கொண்டிருக்கும் வன்தட்டுக்குத் திடீர் மின்வெட்டு நல்லதன்று. வன்தட்டை ஃபற்32 என்னும் முறையில் அமைத்தால் 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது, எக்ஸ்ஃபற் பெரிய கோப்பை ஏற்கும், ஆனால் மின்வெட்டின்போது எளிதிற் குழம்பும், என்.ரி.எஃப்.எஸ். அதனினும் உறுதியானது, வாங்கும் பெட்டி அதனை வாசிக்குமா என்று முன்னரே கேட்டறிக. தொலைக்காட்சியின் துளை தரும் மின்னோட்டம் பெரும்பாலும் 500 மில்லியம்பியர்தான். வன்தட்டு ‘டிக், டிக்’ என்று ஒலித்து நின்றுவிட்டால், அதற்குப் போதிய மின்சாரம் கிட்டவில்லை என்று கொள்க.

இவையெல்லாம் செய்தாலும் இரண்டாவது பிரதி ஒன்று வேண்டும். அது வேறு வீட்டில் இருத்தல் வேண்டும். ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ 1983 யூலையில் எரியூட்டப்பட்டபோது, படச்சுருள்கள் பல அங்கேயே அழிந்தன. ஓரிடத்தில் மாத்திரம் இருந்தவற்றை மீட்க வழியில்லை. நானூறு திரைப்படங்களுக்குப் பிரதி எடுக்க இடம் போதாதெனில் அவற்றை விடுங்கள். அவை வேறு எங்கேனும் கிடைக்கும். ரொறன்ரோக் கலியாணம் வேறெங்கும் கிடைக்காது. அதற்கு மூன்று பிரதி செய்து, ஒன்றைத் தமையனாரிடமே அனுப்பிவைக்கலாம்.

கோடி போன்ற மென்பொருள்கள் படத்தின் பெயரைக் கண்டவுடன், இணையத்திலிருந்து அதன் சுவரொட்டியையும் நடிகர் பெயர்களையும் கதைச் சுருக்கத்தையும் தாமே கொண்டுவந்து அடுக்கிவிடும். கலியாணப் படத்துக்கு அவ்வாறு கொண்டுவர இணையத்தில் ஒன்றுமில்லை. அவ்விடத்தை நாமே எழுதி நிரப்பலாம்: ஊர், திகதி, மணவறையில் நிற்பவர் யார், சபையில் முன்வரிசையில் இருப்பவர் யார், பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவர் யார் என்று. தாயாரை அருகில் இருத்தி, படத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்டால், ஒரு மாலைப்பொழுதில் எழுதி முடித்துவிடலாம்.