பட்டறையில் விட்ட டிராக்டர் யார் காட்டை உழுகிறது?

சித்திரைக் கடைசியில் ஒரு மழை பெய்துவிட்டால் மத்தூர்ப் பக்கத்தில் டிராக்டருக்கு வரும் கிராக்கியைச் சொல்லி முடியாது. மானாவாரிக் காட்டை உழ வேண்டும். மாந்தோப்பில் இடையுழவு ஓட்ட வேண்டும். மாங்காய் லோடு மண்டிக்கும் கூழ் தொழிற்சாலைக்கும் போக வேண்டும். ஊரில் இருக்கிற வண்டி எதற்கும் போதாது. அந்தச் சமயத்தில் டீலரின் சர்வீஸ் ஷெட்டில் நாலைந்து டிராக்டர் சும்மா நிற்கிறது. சாவி சுவரில் ஆணியில் தொங்குகிறது. வண்டிக்காரரோ இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். ஷெட்டில் வேலை செய்கிறவருக்குக் கை அரிக்காமல் இருக்குமா?

கற்பனையாகச் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் என் வண்டிக்கே இது நடந்தது. லிப்ட் கலப்பையைத் தூக்கவில்லை என்று ஒரு திங்கட்கிழமை ஷெட்டில் கொண்டுபோய் விட்டேன். டீசல் கணக்குக்காக மணி மீட்டரை வீட்டுக் காலண்டரில் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அன்றைக்கு 1,846. வியாழக்கிழமை திரும்ப எடுக்கும்போது 1,857 காட்டியது. லிப்ட் வேலை சரியாகத்தான் செய்திருந்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பின் டயர்ப் பட்டைகளில் கருங்களி அப்பியிருந்தது. எங்கள் காடு முழுக்கச் செம்மண்.

ஷெட்டில் இருந்த பையனைக் கேட்டேன்.

“டிரையல் பார்த்தோம் ஐயா.”

“பதினோரு மணி நேரமா தம்பி டிரையல்?”

“லிப்ட் வேலைன்னா கலப்பை மாட்டித்தானே ஐயா பார்க்கணும்.”

கெட்டிக்காரப் பையன். அவன் சொன்னதில் பாதி உண்மையும் இருக்கிறது. லிப்ட் வேலை செய்தால் பாரம் மாட்டித் தூக்கிப் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு அரைமணி போதும். மிச்சம் பத்தரை மணி நேரம் யாருடைய காட்டில் ஓடியது? ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தேன். மணி மீட்டர் எழுதுகிற கட்டம் காலியாக இருந்தது. என் காலண்டரை யார் சாட்சியாக எடுப்பார்கள்? பில்லைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். கட்டாமல் வரவும் முடியாது. செய்த வேலைக்குக் கூலி தரும்வரை வண்டியை நிறுத்தி வைத்துக்கொள்ள பட்டறைக்காரருக்குச் சட்டமே உரிமை தருகிறது. நிறுத்தி வைக்கத்தான் உரிமை, ஓட்டுவதற்கு இல்லை.

இழப்பைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நாற்பது குதிரைச் சக்தி வண்டி ரொட்டவேட்டர் மாட்டி ஓடினால் மணிக்கு நாலைந்து லிட்டர் டீசல் குடிக்கும். என் டேங்கில் அவ்வளவு இல்லை, அவர்களே ஊற்றித்தான் ஓட்டியிருக்க வேண்டும். அதனால் டீசல் நஷ்டம் பெரிதில்லை. ஆனால் மணிக்கு ஆயிரம் ரூபாய் வாடகை என்று வைத்தாலும் பதினோராயிரம் யார் பையிலோ போயிற்று. கிளட்ச் தேய்ந்தது, டயர் தேய்ந்தது. கடன் தவணை கட்டுகிறவன் நான்.

இதைவிடப் பெரிய ஆபத்து இரண்டு உண்டு. தென்பெண்ணையில் அனுமதியில்லாமல் மணல் அள்ளப் போகிற டிராக்டர் பிடிபட்டால், 1957-ஆம் வருஷத்துக் கனிமச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி வண்டியைப் பறிமுதல் செய்யலாம். அதிகாரி முதலில் பார்ப்பது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் பெயரை. “ஷெட்டில் விட்டிருந்தேன்” என்று சொன்னால் மட்டும் போதாது, எந்தத் தேதியில் விட்டோம் என்று காகிதம் காட்ட வேண்டும்.

இன்னொன்று விபத்து. பழுது பார்க்க விட்ட காரைப் பட்டறை ஆள் ஓட்டிப்போய் ஒருவர் மேல் மோதிய வழக்கு 1988-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஓட்டியவர் பட்டறை ஆளாக இருந்தாலும், காரை இன்சூர் செய்த கம்பெனி அடிபட்டவருக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அடிபட்டவருக்கு நல்ல தீர்ப்பு. ஆனால் நம்மில் எத்தனை பேர் டிராக்டருக்கு வருஷா வருஷம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கிறோம்? அது காலாவதியான நாளில் ஷெட் பையன் வண்டியை வெளியே எடுத்தால், சுமை வண்டிக்காரர் தலையில் விழுகிற அபாயம் இருக்கிறது. விவசாய உபயோகத்துக்கு என்று எடுத்த பாலிசி இருக்கும்போது வண்டி செங்கல் லோடு அடிக்கப் போயிருந்தாலும் கம்பெனி தகராறு செய்யும்.

சட்டம் நம் பக்கம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது, அதுவும் 1872 முதல் இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 154-ஆம் பிரிவு, ஒரு காரியத்துக்காக ஒப்படைத்த பொருளை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தி, அப்போது சேதம் வந்தால் பயன்படுத்தியவர்தான் ஈடு தர வேண்டும் என்கிறது. அதற்கு அந்தச் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. காசிக்குப் போவதாகச் சொல்லிக் கல்கத்தாவில் ஒருவன் குதிரையை வாடகைக்கு எடுக்கிறான். ஆனால் கட்டாக்குக்குப் போகிறான். வழியில் அவன் ஜாக்கிரதையாக ஓட்டியும் குதிரை விழுந்து அடிபடுகிறது. ஜாக்கிரதையாக ஓட்டினேன் என்று அவன் சொல்வது செல்லாது, ஈடு கொடுத்தே ஆக வேண்டும். குதிரை இருந்த இடத்தில் டிராக்டரை வைத்துப் பாருங்கள்.

நம் ஊர்களில் இதற்குச் சட்டப் புத்தகம் தேவைப்பட்டதில்லை. மேய்ச்சலுக்கு விட்ட மாட்டை மேய்ப்பவர் தன் ஏரில் பூட்டினால் அந்தியில் பஞ்சாயத்துக் கூடிவிடும். மாட்டின் கழுத்துத் தழும்பே சாட்சி. டிராக்டருக்குக் கழுத்து இல்லை. மீட்டர்தான் இருக்கிறது.

ஜாப் கார்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் “வண்டி உரிமையாளரின் பொறுப்பிலேயே விடப்படுகிறது” என்கிற மாதிரி அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பயந்து பின்வாங்க வேண்டாம். 1998 ஆகஸ்டில் டில்லி தாஜ்மகால் ஓட்டலுக்கு வந்த ஒருவர் தம் மாருதி காரின் சாவியை ஓட்டல் ஆளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது வேறொருவன் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டிருந்தான். ‘உரிமையாளர் பொறுப்பு’ என்று சீட்டில் அச்சடித்திருக்கிறதே என்று ஓட்டல் வாதாடியது. சாவியை வாங்கிக்கொண்ட பிறகு, தன் அஜாக்கிரதையை அந்த வரிக்குப் பின்னால் மறைக்க முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரிய ஓட்டலுக்குப் பொருந்துகிற நியாயம் டிராக்டர் ஷெட்டுக்கும் பொருந்தும்.

நம்பி ஒப்படைத்த பொருளைக் கெட்ட எண்ணத்தோடு சொந்தத்துக்குப் பயன்படுத்துவது குற்றமும்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 316-ஆம் பிரிவு. இருந்தாலும் பதினோரு மணி நேர உழவுக்குப் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறச் சொல்ல மாட்டேன். நுகர்வோர் ஆணையம் போதும். 2019-ஆம் வருஷத்துச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நம் எல்லைப்புறத்துக்கு இது பெரிய சௌகரியம். அத்திப்பள்ளியிலோ பெங்களூரிலோ வண்டியை விட்டிருந்தாலும் கர்நாடகத்துக்கு அலைய வேண்டியதில்லை, கிருஷ்ணகிரியிலேயே கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். டிராக்டர் வியாபாரத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். சொந்தப் பிழைப்புக்கு வைத்திருப்பது வியாபாரம் ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. போனில் யோசனை கேட்க 1915.

ஆனால் ஆணையமும் காகிதத்தைத்தான் கேட்கும். ஆகவே சாவி கொடுக்கும் முன் ஜாப் கார்டில் மணி மீட்டர், டீசல் அளவு, என்ன பழுது, எந்தத் தேதி என்று எழுத வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். டிரையல் அரைமணிக்கு மேல் போகாது என்றும் எழுதச் சொல்லலாம். எழுத மறுத்தால் செல்போனில் மீட்டரையும் டயரையும் ஷெட் வாசல் போர்டோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாங்காய் ஏற்றுகிற குட்டி யானை வண்டிக்கும் இதேதான், அதற்குக் கிலோமீட்டர். மீட்டர் ஓடாத பழைய வண்டி என்றால் முதலில் மீட்டரைச் சரி செய்யுங்கள். நம்மில் பாதிப் பேர் வண்டியில் மீட்டர் செத்துக் கிடக்கிறது, பிறகு யாரைக் குற்றம் சொல்வது?

பையன்கள்மேல் மட்டும் பழி போடுவது எனக்குச் சம்மதமில்லை. ஓசூரிலும் பர்கூரிலும் சிப்காட் வேலைக்குப் போனால் கிடைக்கிற சம்பளத்தில் பாதிகூட சில ஷெட்டுகளில் கொடுப்பதில்லை. சீசனில் ஒரு நாள் உழவுக்குப் போனால் மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு கைக்கு வருகிறது. பூட்டின பெட்டியில் சாவியை வைத்து, வண்டி வெளியே போனதும் வந்ததும் ஒரு நோட்டில் எழுத வேண்டியது முதலாளியின் வேலை. அதற்கு என்ன செலவாகும்? நூறு ரூபாய் நோட்டு ஒன்றும் ஒரு பூட்டும்தான். தன் ஆள் செய்ததற்குத் தனக்குச் சம்பந்தமில்லை என்று முதலாளி கைகழுவ முடியாது.

“கேட்டால் அடுத்த தடவை வேலையைக் கெடுத்துவிடுவார்கள்” என்று பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. வாரண்டி அவர்கள் கையில், உதிரி பாகம் அவர்கள் கையில். அதனால்தான் அந்த முறை வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

போன மாதம் கிளட்ச் வேலைக்கு அதே ஷெட்டுக்குத்தான் போனேன். வேறு வழியில்லை. மீட்டர் 2,611, எழுது என்றேன். பையன் முகத்தைச் சுளித்தான். பேனா இல்லை என்றான். என் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எழுதினான். மூன்றாம் நாள் வண்டி 2,612-இல் திரும்பி வந்தது. டயரில் செம்மண்தான் ஒட்டியிருந்தது.