எட்டாம் பக்கத்து எச்சரிக்கை

2017 ஜூலை 7, நள்ளிரவை நெருங்கும் நேரம். டொரான்டோவிலிருந்து 140 பேருடன் வந்த ஏர் கனடா விமானம், சான் பிரான்சிஸ்கோ நிலையத்தின் ஓடுபாதை என்று எண்ணி, அதையொட்டிய இணைப்புப் பாதையில் தரையிறங்க முற்பட்டது. அந்தப் பாதையில் நான்கு விமானங்கள் புறப்படுவதற்காக வரிசையில் நின்றிருந்தன. தரையிலிருந்து ஏறத்தாழ 60 அடி வரை தாழ்ந்த பிறகே அது மேலெழும்பியது. உயிரிழப்பு இல்லை, ஆகவே உலகம் விரைவில் மறந்துவிட்டது.

இணையான இரு ஓடுபாதைகளில் இடப்புறத்தது அன்றிரவு மூடப்பட்டு, அதன் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. அதனை அறியாததால், வலப்புற ஓடுபாதையை இடப்புறத்ததாகவும், அதற்கடுத்த இணைப்புப் பாதையைத் தாங்கள் இறங்க வேண்டிய ஓடுபாதையாகவும் விமானிகள் கருதிவிட்டனர். மூடல் குறித்த அறிவிப்பு அவர்களுக்குத் தரப்பட்டே இருந்தது. புறப்படுமுன் கொடுக்கப்பட்ட 27 பக்க ஆவணத்தில் எட்டாம் பக்கத்தில் அது இருந்தது. தலைமை விமானியோ 19 மணி நேரத்துக்கும் மேலாக உறங்காதிருந்தார்.

'நோட்டாம்' எனப்படும் இவ்வறிவிப்புகளைப் பெரும்பாலும் யாரும் பொருட்படுத்தாத குப்பை என்றே, விபத்துகளை விசாரிக்கும் அமெரிக்க வாரியத்தின் அன்றைய தலைவர் ராபர்ட் சம்வால்ட் சாடினார். கடுமையான சொல்தான், எனினும் குப்பை எவ்வாறு சேர்ந்தது என்பதே கேள்வி. அறிவிப்பை வெளியிடுவோருக்கு மேலும் ஒரு வரி சேர்ப்பதால் செலவேதுமில்லை. ஒன்றை விட்டுவிட்டாலோ நாளை விசாரணையில் பதில் சொல்ல வேண்டும். எனவே புல் வெட்டும் பணியும், கோபுர விளக்கின் பழுதும், ஓடுபாதை மூடலும் ஒரே தோற்றத்தில், தந்திக் காலத்துச் சுருக்கச் சொற்களில் அடுக்கப்படுகின்றன. அவற்றுள் உயிர்காக்கும் வரியைத் தேடியெடுக்கும் சுமை முழுவதும் விமானியின் தலையில் விழுகிறது. வெளியிட்டவரின் கடமை வெளியிட்டதோடு முடிந்துவிடுகிறது. (அமெரிக்கா 2021-இல் இதன் பெயர் விரிவை மாற்றியது, 2025-இல் பழைய பெயருக்கே திரும்பியது. படிப்பவரின் சிரமம் பெயரில் இருந்ததில்லை.)

2023 ஜனவரி 11 அன்று இந்த அறிவிப்புக் கணினி அமைப்பு பழுதானபோது, அமெரிக்கா முழுவதும் விமானப் புறப்பாடுகள் நிறுத்தப்பட்டன. அறிவிப்பு அனுப்பப்படாவிட்டால் ஒரு நாடே நிற்கிறது. அனுப்பியது மனத்தில் பதியாவிட்டால் எதுவும் நிற்பதில்லை.

விமானத்துறைக்கு இப்பாடம் புதிதன்று. 1974 டிசம்பரில் வாஷிங்டன் அருகே டி.டபிள்யூ.ஏ. விமானம் மலையில் மோதி 92 பேர் மாண்டனர். ஆறு வாரங்களுக்கு முன்பு அதே இடத்தில் யுனைடெட் விமானமொன்று நூலிழையில் தப்பியிருந்தது. அந்நிறுவனம் தன் விமானிகளை மட்டும் எச்சரித்தது. செய்தி பிறரைச் சென்றடையவில்லை. அதன்பின் 1976-இல், விமானிகள் தம் தவறுகளை அச்சமின்றித் தெரிவிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அதனை நடத்தும் பொறுப்பு, தண்டிக்கும் அதிகாரம் கொண்ட ஒழுங்குமுறை அமைப்பிடம் அன்றி நாசாவிடம் தரப்பட்டது. அறிக்கைகளிலிருந்து அனுப்பியவரின் அடையாளம் நீக்கப்படுகிறது.

பேசுவோருக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, அறிவிப்பைச் சுருக்குவோருக்கு இன்னும் கிடைக்கவில்லை. தேவையற்ற வரியை நீக்கிய அதிகாரி பின்னாளில் குற்றவாளியாக்கப்பட மாட்டார் என்ற உறுதி வேண்டும். அதுவரை எந்தப் புதிய மென்பொருளும் 27 பக்கங்களை மேலும் வேகமாக அனுப்ப மட்டுமே பயன்படும்.